எலி வளையானாலும் தனி வளை
(குடிக்கூலி உயர்வும் குடியிருப்பின் உறுதியும்)

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுப்பர். இம்மூன்றில் உணவுக்குத் தட்டுப்பாடு வந்தால் ஒரு வேளை பட்டினி கிடந்து சமாளிக்கலாம். உடைக்குத் தட்டுப்பாடு வந்தால் கிழிசலைத் தைத்து உடுத்தலாம். உறையுளுக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது? மாதத்தில் இருபது நாள் வீட்டிலும் பத்து நாள் தெருவிலும் வாழ இயலாது. எனவே வாடகை கட்டுப்படியாகாத குடும்பம் பணத்தில் மிச்சம் பிடிப்பதற்காக வேறொன்றை விட்டுக்கொடுக்கிறது. அதுதான் குடியிருப்பின் உறுதி. "இங்கே நாளையும் இருப்போம்" என்ற நம்பிக்கையை விற்றுத்தான் ஏழை தன் வாடகையைக் குறைத்துக்கொள்கிறான்.

இக்கருத்தை நான் முதலில் நூலில் படிக்கவில்லை. காவிரியின் கீழ்க்கரையிலுள்ள விசைத்தறி ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் தறி ஓட்டுபவர். தாயார் தார் சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. எனக்கு இருபது வயதாவதற்குள் நாங்கள் ஏழு வீடுகள் மாறிவிட்டோம். ஏன் இத்தனை முறை மாறினோம் என்ற கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தறி ஊர்களும் குடிக்கூலியும்

பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. இவ்விரு மாவட்டச் சமவெளியும் உழவை மட்டும் நம்பிய பூமி அன்று. சேலத்தில் கைத்தறி, வெள்ளிக் கொலுசு, 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய இரும்பாலை. நாமக்கல்லில் கோழிப்பண்ணை, லாரிக் கூடு கட்டும் பட்டறை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு வண்டிகள். பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையம் என விசைத்தறி நகரங்கள். தொழில் உள்ள இடத்திற்கு ஆள் வருவான். வந்தவனுக்கு முதல் நாளே வீடு வேண்டும். ஆனால் வீடோ ஒரு நாளில் முளைப்பதில்லை.

நிலத்தின் விலை ஏறக் காரணங்கள் பல. நெடுஞ்சாலை அகலமாகிறது, அதன் இருபுறமும் வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. மனை வாங்குவோர் எல்லாரும் குடியிருக்க வாங்குவதில்லை. விலை ஏறும் என்று வாங்கிப் போடுவோரும் உளர். கல்லூரிகள் பெருகிய ஊரில் நான்கு மாணவர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால் ஒரு குடும்பம் தருவதைவிட அதிக வாடகை தர இயலும். செங்கல், மணல், கம்பி, கொத்தனார் கூலி யாவும் கூடிவிட்டன. இத்தனையும் சேர்ந்து கடைசியில் வந்து விழும் இடம் வரிசை வீட்டில் குடியிருப்பவன் தலைதான்.

எங்கள் பக்கத்தில் இதை 'லைன் வீடு' என்பார்கள். ஒரே சுவரை ஒட்டி ஆறு, எட்டு அறைகள். முற்றத்தில் பொதுக் குழாய். கோடியில் பொதுக் கழிப்பறை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் எழுதமாட்டேன். நாங்கள் குடியிருந்த ஒரு வளவின் சொந்தக்காரி கணவரை இழந்த அம்மையார். ஆறு அறை வாடகைதான் அவருக்குச் சோறு போட்டது. "அடுத்த மாசத்துல இருந்து ஐந்நூறு சேத்திக் குடுத்துருங்க கண்ணு, எனக்கும் வேற வழியில்லை" என்று என் தாயாரிடம் அவர் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. எங்களால் கொடுக்க முடியவில்லை என்பதும் பொய்யில்லை.

ஒரு சிறு கணக்கு

1857-இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானிய அறிஞர், வருவாய் குறையக் குறைய உணவுக்குச் செலவிடும் பங்கு கூடுகிறது என்று காட்டினார். 1868-இல் பெர்லின் நகரப் புள்ளியியலாளர் ஷ்வாபே இதே உண்மையை வாடகைக்கும் பொருத்தினார். குடும்பம் ஏழ்மையானதாக ஆக, வருவாயில் வாடகையின் பங்கு பெரிதாகும் என்பதே ஷ்வாபே விதி. கணித மாணவன் என்ற முறையில் இவ்விதி காலப்போக்கில் எவ்வாறு வேலை செய்கிறது என்று போட்டுப் பார்த்தேன்.

ஒரு குடும்பத்தின் மாத வருவாய் 10,000 ரூபாய், வாடகை 2,000 ரூபாய் எனக் கொள்வோம். வருவாய் ஆண்டுக்கு 5 விழுக்காடும் வாடகை ஆண்டுக்கு 10 விழுக்காடும் உயர்வதாக வைத்துக்கொள்வோம். கூட்டுவட்டிக் கணக்கின்படி 14 ஆண்டு கழித்து வருவாய் ஏறத்தாழ 19,800 ரூபாயாகும். வாடகை ஏறத்தாழ 7,600 ரூபாயாகும். முதலில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த வாடகை இப்போது நூற்றுக்கு 38 ஆகிவிட்டது! வாடகை போக மீதி 8,000 என்பது 12,200 ஆகக் கூடியதுபோல் தோன்றும். ஆனால் அரிசி, பருப்பு விலையும் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறியிருந்தால், அந்த 12,200 ரூபாய் பழைய மதிப்பில் 6,200 ரூபாய்க்குக்கூடச் சமமாகாது. கூலி இரு மடங்காகியும் குடும்பம் முன்னைவிட ஏழையாகிவிட்டது. "சம்பளம் ஏறுதே, ஏன் பத்தலே?" என்று என் தந்தையார் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான்.

அமெரிக்க நாட்டில் அரசு உதவி பெறும் வீடுகளில் வருவாயில் நூற்றுக்கு 25-க்கு மேல் வாடகை கூடாது என்று 1969-இல் வரம்பு கட்டினர். 1981-இல் அதை 30 ஆக்கினர். நம் ஊர்களில் அத்தகைய வரம்பு ஏதுமில்லை. வரம்பைத் தாண்டும்போது குடும்பம் என்ன செய்கிறது? அது படிப்படியாகக் கீழே இறங்குகிறது. அப்படிகளை இனிக் காண்போம்.

கீழிறங்கும் படிகள்

முதற்படி ஒண்டுக்குடித்தனம். ஒரு குடும்பத்துக்கான இடத்தில் இரு குடும்பம் வாழ்வது. அல்லது வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் பாட்டியும் ஒரே அறையில் படுப்பது. இதை வீடின்மை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் உண்மையில் வீட்டுப் பற்றாக்குறையின் பெரும்பகுதி இதுவே. 2012-இல் நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு, இந்திய நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடுகள் பற்றாக்குறை எனக் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு இத்தகைய இட நெருக்கடியால் வந்தது. முற்றிலும் வீடற்றோர் 5 லட்சத்து 30 ஆயிரம் குடும்பத்தினரே. பற்றாக்குறையில் நூற்றுக்கு 95 பங்கு வறியோரையும் குறைந்த வருவாயினரையும் சார்ந்தது. அதே வேளையில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தில் 1 கோடியே 10 லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன! வீடு இல்லாததும் வீடு பூட்டிக் கிடப்பதும் ஒரே நகரத்தில் நடக்கின்றன.

இரண்டாம் படி வாய்ச்சொல் குடியிருப்பு. எழுத்தில் ஒப்பந்தமில்லை, வாடகைக்கு ரசீதில்லை. வீட்டுக்காரர் விரும்பும்வரை இருக்கலாம். வாடகை சற்றுக் குறைவாக இருக்கும். அதற்கு விலை பின்னர் தெரியும். நான் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்ப அட்டையில் இருந்த முகவரி மூன்று வீடுகளுக்கு முந்தையது. அப்போதைய வீட்டுக்காரரோ எழுதித் தர மறுத்துவிட்டார்; எழுதித் தந்தால் உரிமை கொண்டாடிவிடுவோம் என்ற அச்சம் அவருக்கு. இருபது ஆண்டு இந்த ஊரிலேயே வாழ்ந்தும், இந்த ஊரில் வாழ்கிறோம் என்று மெய்ப்பிக்க ஒரு துண்டுத் தாள் எங்களிடம் இல்லை.

மூன்றாம் படி ஒத்தி, அதாவது போக்கியம். மாத வாடகை தர இயலாதவர் கடன் வாங்கி ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பர்; காலிசெய்யும்போது தொகை திரும்ப வரும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். நடைமுறையில் முத்திரைத் தாளில் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. என் சிற்றப்பா குடியிருந்த வீடு முன்னரே வங்கிக் கடனில் இருந்தது. ஒரு நாள் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டபோதுதான் அது அவருக்குத் தெரிந்தது. கொடுத்த பணத்தில் பாதியே திரும்பியது. அந்தப் பணத்துக்கு வாங்கிய கடன் மட்டும் முழுதாக நின்றது.

நான்காம் படி தறியோடு சேர்ந்த வீடு. எங்கள் பகுதியில் தறி ஓட்ட வருபவருக்கு முதலாளி முன்பணம் கொடுப்பது வழக்கம். இதைப் 'பாக்கி' என்பர். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாமல் என் தந்தையார் பாக்கி வாங்கினார். பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறையும் கிடைத்தது. வாடகை குறைவு, பள்ளி அருகில், என் தாயார் மகிழ்ந்தார். ஆனால் அன்று முதல் வேலை, கடன், வீடு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. கூலி குறைவு என்று வேறு பட்டறைக்குப் போக முடியாது. பாக்கியைத் தீர்க்க வேண்டும். பாக்கியைத் தீர்த்தாலும் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். 2020 மார்ச்சு 25 முதல் ஊரடங்கால் தறிகள் நின்றன. தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச்சு 29-இல் நடுவண் உள்துறை ஆணை பிறப்பித்தது. ஒரு மாதம் கடந்தது, தறி ஓடவில்லை, சாப்பாட்டுக்கும் பாக்கி வாங்கினோம். மறு ஆண்டு முதலாளி நட்டம் தாளாமல் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டார். வேறொரு பட்டறைக்காரர் எங்கள் பாக்கியைக் கட்டினார். தந்தையார் அங்கே மாறினார். அங்கு வீடு இல்லை. வேலை போன அதே வாரத்தில் வீடும் போயிற்று.

ஐந்தாம் படி ஆற்றங்கரை. பட்டா இல்லாத இடத்தில் வாடகை குறைவு என்பது எங்கும் உள்ள வழக்கம். மேட்டூர் அணை நிரம்பி ஒரு லட்சம் கன அடிக்கு மேல் காவிரியில் திறக்கப்படும்போதெல்லாம் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் நீர் புகுவதும், மக்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்க வைப்பதும் வழக்கமாகிவிட்டது. 2018 ஆகஸ்டில் அவ்வாறு தங்கியிருந்த குடும்பங்களைச் சிறுவனாக நான் வேடிக்கை பார்த்தேன். 2022 ஆகஸ்டில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களோடு நானே பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்தேன். "தண்ணி வரும்னு தெரிஞ்சேதான வந்தோம்" என்றார் என் தாயார். ஆம், தெரிந்தேதான் சென்றோம். வாடகை குறைவு என்பதற்காக வெள்ளத்தை ஏற்றுக்கொண்டோம்.

இப்படிகளை எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை விளங்குகிறது. மேலேயிருந்து கீழே வர ஒரு மாத வாடகை உயர்வு போதும். கீழேயிருந்து மேலே ஏற, அட்வான்ஸ், பழைய கடன், முகவரிச் சான்று என மூன்றும் ஒருசேர வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது அரிது.

சட்டங்கள் கூறுவன

1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு உறைவிடத்தையும் உரிமையாகக் குறிப்பிடுகிறது. தகுந்த வீடு எது என்பதற்கு 1991-இல் ஐக்கிய நாடுகள் குழு ஒன்று ஏழு அடையாளங்களைக் கூறியது. அவற்றுள் முதலாவது கூரையோ சுவரோ அன்று. குடியிருப்பின் சட்ட உறுதியே.

நம் உச்ச நீதிமன்றம் 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. நடைபாதையிலேயே தங்கும் உரிமையை அது வழங்கவில்லை. ஆயினும் முறையான அறிவிப்பின்றி அப்புறப்படுத்தலாகாது என்ற நெறி அதனால் உறுதிப்பட்டது.

தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வாடகைக்கு ரசீது தர வேண்டும். குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வெளியேற்றக் கூடாது என்பன அதன் கூறுகள். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் வளவில் எட்டுக் குடும்பத்தில் ஒருவரும் இதைக் கேள்விப்பட்டதில்லை. நிறுவனம் தன் ஊழியருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்துவதில்லை என்பதும் கருதத்தக்கது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒரு நுட்பமான பாதுகாப்பைத் தருகிறது. கொத்தடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவரை, அவ்வுழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட வீட்டிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. கடனும் வீடும் ஒரே கையில் இருந்தால் தொழிலாளி நகர முடியாது என்பதை அச்சட்டத்தை எழுதியோர் நன்கறிந்திருந்தனர்.

அரசின் முயற்சிகளும் பிற நாட்டு அனுபவமும்

தமிழக அரசு 1961-இல் வீட்டுவசதி வாரியத்தையும், 1970-இல் குடிசை மாற்று வாரியத்தையும் தோற்றுவித்தது. பின்னது 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2015-இலும், ஊரகக் குடிசைகளுக்கு மாற்றாக வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளிக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இலும் வந்தன. இவற்றால் பயன்பெற்றோர் பலர். ஆனால் சொந்த நிலத்தில் கட்ட உதவி பெறுவதற்குப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவனே மிக ஏழை. அவனுக்கு இவ்வழி அடைத்துக்கொள்கிறது. தொலைவில் அடுக்கு வீடு தந்தால், அங்கிருந்து வேலைக்கு வரும் பேருந்துக் கட்டணம் புது வாடகையாகிவிடுகிறது. சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் சென்ற குடும்பங்கள் இதை அனுபவத்தில் உணர்ந்தன.

சிங்கப்பூர் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது; இன்று அந்நாட்டு மக்களில் ஐவரில் ஏறத்தாழ நால்வர் அக்கழக வீடுகளில் வாழ்கின்றனர். வியன்னா நகராட்சி 1920-களிலேயே தொழிலாளருக்கு வாடகை வீடுகளைத் தானே கட்டத் தொடங்கியது. நம் மாநிலத்திலும் 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. மின்னணு ஆலைக்குச் செய்ய முடிந்ததைத் தறி ஊருக்கும் செய்யலாமன்றோ?

செய்யத்தக்கன

முதலாவதாக, வாடகை ஒப்பந்தப் பதிவை நகராட்சி அலுவலக அளவில் எளிதாக்கி, சிறு வாடகை வீடுகளுக்குக் கட்டணமின்றிச் செய்ய வேண்டும். வீட்டுக்காரரின் அச்சமும் அதனால் நீங்கும். குடியிருப்பவர் உரிமை கொண்டாட முடியாது என்பதற்கும் அதே தாள்தான் சான்று.

இரண்டாவதாக, சொந்த வீடு தரும் திட்டங்களோடு வாடகை வீடு கட்டும் திட்டங்களும் தறி ஊர்களின் உள்ளேயே வேண்டும்.

மூன்றாவதாக, முன்பணத்தையும் வீட்டையும் பிரிக்க வேண்டும். வீட்டு அட்வான்ஸுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சிறு கடன் வழங்கினால், அதற்காகப் பாக்கி வாங்கும் நிலை வாராது.

நான்காவதாக, கரையோரக் குடும்பங்களை வெள்ளம் வந்தபின் பள்ளியில் தங்க வைப்பதைவிட, வேலைக்கு நடந்து போகும் தொலைவில் மேட்டு நிலத்தில் இடம் தர வேண்டும்.

ஐந்தாவது நம்மால் இயல்வது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலையைச் செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். இனி ஒரு முகாமிலாவது வரிசை வீடுகளுக்குச் சென்று, சட்டம் தரும் உரிமைகளை எடுத்துச் சொல்லி, வாடகை ஒப்பந்தமும் ரசீதும் எழுத உதவலாம். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு அது ஒரு மணி நேர வேலை.

முடிவுரை

இப்போது நாங்கள் குடியிருப்பது ஏழாவது வீடு. ஒற்றை அறைதான், ஆனால் மேட்டில் உள்ளது. சென்ற ஆண்டு நானே ஒரு தாளில் ஒப்பந்தத்தை எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து யோசித்தார், பின் கையெழுத்திட்டார். அது இன்னும் பதிவாகவில்லை. அதற்கும் அவரை இசையச் செய்ய முயன்றுவருகிறேன். அத்தாளை என் தாயார் குடும்ப அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாத அவர் அதை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.

தனி வளை கிடைத்தால் போதாது. அடுத்த மழைக்கும் அடுத்த மாத வாடகைக்கும் அது நிலைத்திருக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் பிள்ளை ஒரே பள்ளியில் படிப்பான். தொழிலாளி நியாயமான கூலி கேட்பான். குடிக்கூலியைப் பற்றிப் பேசுவது கூலியைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் பேசுவதே ஆகும். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு வாடகைக்கு ரசீது இருக்கிறதா என்று இன்று மாலை கேட்டுப் பாருங்கள்.